டிராக்குக்குப் போகும் காரின் கூலிங்: ரேடியேட்டரை மாற்றும் முன் காற்றின் வழியைப் பாருங்கள்

காரைக்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2008 மாடல் போர்ஷே கேமன், 2.7 லிட்டர், மேனுவல் கியர். அடுத்த மாதம் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டப் பணம் கட்டிவிட்டார். ஊர் ரோட்டில் டெம்பரேச்சர் முள் நட்டுவைத்த மாதிரி நடுவிலேயே நிற்கிறது. டிராக்கில் வண்டி கொதிக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அதனால் பெரிய அலுமினிய ரேடியேட்டர் போடலாமா, தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடுகிற வால்வு) கழற்றி எறியலாமா, கூலன்ட்டை (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) இறக்கிவிட்டு வெறும் தண்ணீர் ஊற்றலாமா என்று கேட்கிறார். தம்பி, கேள்வி மூன்றாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். ரோட்டுக்காகக் கம்பெனி கட்டிக்கொடுத்த கூலிங், டிராக்கில் இருபது நிமிடம் தாங்குமா? தாங்காது என்றால் முதலில் எந்த இடத்தில் கைவிடும்? அந்த இடம் தெரிந்துவிட்டால் உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் தானாக வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. அழகப்பா செட்டியார் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, இங்கேயே 26 வருடமாகப் பட்டறை நடத்துகிறேன். அன்றாட வேலை ரோட்டு வண்டிகள்தான். டிராக்குக்கென்று தயார் செய்தவை பத்துப் பன்னிரண்டு இருக்கும், அவற்றில் மூன்றை டிராக் ஓரத்தில் நின்று நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். ரேஸ் டீமில் வேலை பார்த்தவன் இல்லை. ஆகவே அரை நாள் டிராக்கில் ஓட்டிவிட்டு அதே வண்டியில் ஊர் திரும்ப நினைக்கிறவருக்கான பதில் என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சூட்டின் அளவு மனதில் பதிய வேண்டும். எரிகிற பெட்ரோலின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வண்டியைத் தள்ளுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கூலன்ட்டும் ஆயிலும்தான் சுமந்து வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். உங்கள் இன்ஜின் 245 குதிரைத்திறன், அதாவது 180 கிலோவாட். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது ரேடியேட்டர்களுக்கு வருகிற வெப்பம் 100 கிலோவாட்டை ஒட்டியிருக்கும். வீட்டுக் குளியலறையில் இருக்கிற 2 கிலோவாட் கீசர் ஐம்பதை ஒரே நேரத்தில் போட்டுவிட்ட மாதிரி. நீங்கள் திருச்சிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது அதே ரேடியேட்டருக்கு ஐந்தாறு கீசர் வேலைதான். ரோட்டில் முள் அசையாமல் இருப்பது டிராக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம் அந்த முள்ளே. பல கம்பெனி வண்டிகளில் டேஷ்போர்டு முள்ளை வேண்டுமென்றே மந்தமாக வைத்திருப்பார்கள். கூலன்ட் எண்பதுகளில் இருந்தாலும் நூறைத் தாண்டினாலும் முள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். லேசாக ஏறி இறங்குவதைப் பார்த்து வாடிக்கையாளர் பயந்துபோய் சர்வீஸ் சென்டருக்கு வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. டிராக்கில் அது ஆபத்து, முள் நகர ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும். ஆகவே நீங்கள் செலவழிக்க வேண்டிய முதல் ரூபாய் ரேடியேட்டருக்கு இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிப்பதற்காக இருக்கிற ஓபிடி சாக்கெட்டில் செருகுகிற சின்ன ரீடர் ஒன்று வாங்குங்கள். கூலன்ட் டிகிரியை எண்ணாக போனில் காட்டும், பதிவும் செய்யும். அந்தப் பதிவு கையில் இல்லாமல் எந்தப் பாகத்தை மாற்றினாலும், மாற்றியது பலன் தந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எண் கையில் இருந்தால் ஒரு கணக்குப் போடலாம். தெர்மோஸ்டாட் முழுக்கத் திறந்துவிட்ட பிறகு, அதே ஓட்டத்துக்குக் கூலன்ட் சூட்டுக்கும் வெளிக்காற்றின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ மாறாது. ஜனவரிக் காலையில் காற்று 26 டிகிரி இருக்கும்போது கூலன்ட் 100 வரை போனது என்றால் வித்தியாசம் 74. அதே வண்டியை மே மாதம் 38 டிகிரி வெயிலில் அதே மாதிரி ஓட்டினால் 112-ஐ எதிர்பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ஒருமுறை ஓட்டிவிட்டு “என் வண்டிக்கு ஒன்றும் ஆகாது” என்று சித்திரையில் போய் நிற்கிறவர்கள் இந்த 12 டிகிரியில்தான் மாட்டுகிறார்கள். இந்தக் கணக்கை நான் பலமுறை சரிபார்த்திருக்கிறேன், ஓரிரு டிகிரி முன்னே பின்னே வருமே தவிர ஏமாற்றாது.

இப்போது காற்று. கூலிங் என்றதும் எல்லோருக்கும் தண்ணீர்தான் ஞாபகம் வரும். தண்ணீர் சூட்டைத் தூக்கி வருகிற கூலிதான், அதை வாங்கிக்கொண்டு போக வேண்டியது காற்று. நம் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முகப்பு வாசலில் நின்றால் நடுமுற்றத்து வளவைத் தாண்டிப் பின்கட்டுக் கதவு வரை ஒரே நேர்கோடாகத் தெரியும். இரண்டு கதவும் திறந்திருந்தால் சித்திரையிலும் பட்டாலைக் கூடத்தில் காற்று ஓடும். பின்கதவைச் சாத்திவிட்டால் முன்கதவு எவ்வளவு அகலமாக இருந்தாலும் காற்று உள்ளே வராது. ரேடியேட்டரும் அப்படித்தான். முன்னால் ஓட்டை பெரிதாக்கினால் போதும் என்று நினைத்து பம்பரை வெட்டுகிறார்கள். பின்னால் காற்று வெளியேற வழி இருக்கிறதா, முன்னால் நுழைந்த காற்று முழுக்க ரேடியேட்டருக்குள்தான் போகிறதா என்று பார்ப்பவர் குறைவு. காற்றுக்குச் சுலபமான வழி கிடைத்தால் ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகளுக்குள் அது ஏன் நுழையப் போகிறது? பக்கத்தில் விரல் அகலச் சந்து இருந்தால் அதன் வழியாக ஓடிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு டர்போ ஹேட்ச்பேக்கில். தேவகோட்டைக்காரர் வண்டி. டிராக்கில் மூன்றாவது சுற்றிலேயே 115-ஐத் தொட்டுவிடுகிறது என்று கொண்டுவந்தார். நானும் அன்றைக்கு எல்லோரையும் போலத் தடிமனான அலுமினிய ரேடியேட்டர் வரவழைத்துப் போட்டேன். அடுத்த தடவை 114. இவ்வளவு செலவுக்கு ஒரே ஒரு டிகிரி. மறுபடி பம்பரைக் கழற்றி வைத்துவிட்டு, அவசரப்படாமல் ஸ்டூல் போட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தேன். நம் பக்கத்துச் செம்மண் அன்றைக்கு எனக்கு வாத்தியார் ஆனது. ரேடியேட்டரின் முகத்தில் தூசி மெல்லிசாகத்தான் படிந்திருந்தது. ஆனால் அதன் இடது பக்கத்தில், ரேடியேட்டருக்கும் சேஸிக்கும் நடுவே கட்டை விரல் அகலத்தில் ஒரு சந்து, அதன் இரண்டு ஓரமும் செங்கல் நிறத்தில் கெட்டியாகப் பூசிய மாதிரி இருந்தது. காற்று எந்த வழியாகப் போனதோ அந்த வழியெல்லாம் தூசியால் கோடு போட்டு வைத்திருந்தது. முன்னொரு காலத்தில் எங்கோ முன்பக்கம் இடித்து, டிங்கரிங் செய்தவர்கள் பம்பரைத் திரும்ப மாட்டும்போது அங்கே இருந்த ஃபோம் பட்டையை மறந்துவிட்டார்கள். கதவு ஓரத்துக்கு ஒட்டுகிற ஃபோம் பட்டையை வாங்கி அந்தச் சந்தையும் மேலே கீழே இருந்த சந்துகளையும் அடைத்தேன். செலவு ஐந்நூறு ரூபாய்க்குள். அதே மாதிரி வெயிலில் 104-ல் நின்றது.

உங்கள் கேமனுக்கு வருகிறேன். இன்ஜின் நடுவில் இருக்கிறது, ரேடியேட்டர்கள் முன்பக்கம் இரண்டு ஓரத்திலும், சக்கரத்துக்கு முன்னால். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஏசி கன்டென்சர், அதாவது ஏசியின் சூட்டை வெளியே விடுகிற இன்னொரு ரேடியேட்டர் மாதிரி. பம்பரின் கீழ்ப்பக்க வாயில் நுழைகிற குப்பை எல்லாம் கன்டென்சரைத் தாண்டி அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் போய் உட்காரும். இந்த வரிசை வண்டிகளுக்கு இது பிறவிக்குணம். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் கன்டென்சர் சுத்தமாகத்தான் தெரியும். பம்பரைக் கழற்றி, கன்டென்சரை லேசாக முன்னால் சாய்த்துப் பார்த்தால்தான் வேப்பிலைச் சருகும் புளியிலையும் பூச்சி இறகும் செம்மண்ணோடு சேர்ந்து வறட்டி மாதிரி அப்பியிருப்பது தெரியும். நீங்கள் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர் என்றால் கட்டாயம் இருக்கும். கையால் எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து முன்னால் வருகிற மாதிரி மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் பிரஷர் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் தகடுகள் மடங்கிப் படுத்துவிடும், அப்புறம் காற்று நுழையாது. கழுவி முடித்ததும் பம்பர் வாயில் கம்பி வலை வையுங்கள். சருகைத் தடுத்தால் போதும், கொசுவலை மாதிரி நெருக்கமானது வேண்டாம், அதுவே காற்றைத் தடுக்கும். பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற பிளாஸ்டிக் குழாய்க்கூடுகள் உடையாமல் இருக்கின்றனவா, சக்கரக்குழிப் பிளாஸ்டிக்கும் அடித்தட்டும் முழுசாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சூடான காற்று சக்கரத்தின் முன்னால் கீழ்நோக்கி வெளியேறுவதற்கு அவைதான் வழிகாட்டி. உங்கள் வீட்டுப் பின்கதவு அதுதான்.

ஒரு சின்ன இடைச்செருகல், கேமனுக்குப் பொருந்தாது, ஆனால் முன்பக்க இன்ஜின் வைத்திருக்கிற நிறையப் பேர் செய்கிறார்கள். பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்து ஒரு அங்குலம் தூக்கிவிட்டால் சூடு வெளியேறும் என்பது. சிக்னலில் நிற்கும்போது வெளியேறும். வேகத்தில் போகும்போது முன்கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று வந்து மோதி அழுத்தம் கூடி நிற்கிறது. அந்தச் சந்து வழியாகக் காற்று உள்ளேதான் தள்ளும். பானெட்டில் திறப்பு வேண்டுமென்றால் முன்பாதியில், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும்.

சரி, தெர்மோஸ்டாட். கழற்றாதீர்கள். டிராக்டர், லாரி என்று நம் ஊரில் எத்தனையோ வண்டியில் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள், அதைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்திருக்கும். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றுகிற குறுக்கு வழியை அதன் அடித்தட்டு மூடிவிடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் அந்தக் குறுக்கு வழி நிரந்தரமாகத் திறந்து கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப இன்ஜினுக்குள் போகும். குளிர வேண்டும் என்று கழற்றியது கொதிக்க வைக்கும்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு நம்பிக்கை இருக்கிறது, உங்கள் நண்பர் ஒருவரும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள்: தண்ணீர் ரொம்ப வேகமாக ஓடினால் சூட்டைக் கொடுக்க ரேடியேட்டரில் நேரம் கிடைக்காது என்பது. இது தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். ஓடுவது ஒரே தண்ணீர், வட்டமாகச் சுற்றுகிறது. ரேடியேட்டரில் இருக்கும் நேரம் குறைந்தால் இன்ஜினில் இருக்கும் நேரமும் குறையும், ஆனால் அடிக்கடி திரும்பி வரும். வேகம் கூடக்கூட வெப்பம் கைமாறுவது கூடுமே தவிரக் குறையாது. தெர்மோஸ்டாட்டை எடுத்த வண்டிகளில் சூடு ஏறியதைப் பார்த்தவர்கள் அதற்குச் சொல்லிக்கொண்ட காரணம் இது. உண்மைக் காரணம் மேலே சொன்ன குறுக்கு வழி. இன்னொன்றும் உண்டு. தெர்மோஸ்டாட் கொடுக்கிற தடையால் இன்ஜின் பிளாக்குக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடி நிற்கும், அது போய்விட்டால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் சூடான மூலைகளில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பவர்களுக்கு இது புரியும். கல் அளவான சூட்டில் இருந்தால் தண்ணீர் சொய்யென்று ஆவியாகிச் சூட்டை இழுத்துப் போகும். கல் அதிகமாகக் காய்ந்துவிட்டால் துளிகள் முத்து முத்தாக உருண்டு ஓடும், கல்லைத் தொடவே தொடாது. அடியில் ஆவி ஒரு பாய் விரித்துவிடுகிறது. ஹெட்டுக்குள்ளும் அப்படி ஆவிப்பாய் விரிந்துவிட்டால் அந்த இடத்து உலோகத்துக்குக் கூலன்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான். மீட்டர் 108 காட்டும்போதே ஹெட் வெடிப்பு விடுவதும் கேஸ்கெட் போவதும் இப்படித்தான்.

கம்பெனி தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக 71 டிகிரியில் திறக்கிறது என்று விற்கிறார்களே, அதைப் போடலாமா என்றும் கேட்பீர்கள். போடலாம், ஆனால் அது என்ன செய்யும் என்று தெரிந்து போடுங்கள். ரேடியேட்டரின் திறமையை அது ஒரு துளிகூடக் கூட்டாது. தொடங்குகிற இடத்தைத்தான் கீழே இறக்கும். இருபது நிமிடம் முழு மூச்சில் ஓட்டினால் கடைசியில் இரண்டும் ஒரே எண்ணில் போய் நிற்கும். நாலைந்து சுற்று மட்டும் ஓட்டிவிட்டு இறங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் உதவும். தினசரி ரோட்டில் ஆயில் சரியாகச் சூடேறாமல் போகுமா என்பதில் மெக்கானிக்குகளிடையே இரண்டு கட்சி உண்டு, நான் பார்த்த நாலைந்து வண்டிகளை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கூலன்ட்டா தண்ணீரா என்பதில் உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஒரு கிலோ தண்ணீர் ஒரு டிகிரி ஏற 4.18 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும், கூலன்ட்டின் மூலப்பொருளான கிளைகாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் அது 3.5-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆனால் கிளைகால் கொதிநிலையை ஏற்றும். கூலன்ட் டப்பாவின் மூடி 1.1 பார் அழுத்தம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் வெறும் தண்ணீர் 122 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலவை 129-ஐ ஒட்டி. இங்கே கவனிக்க வேண்டியது மூடி. அது அழுத்தம் பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் 100-லேயே கொதித்துவிடும், 22 டிகிரி காப்பு ஒரு ரப்பர் வளையத்தோடு போய்விடும். மூடியைத் திருப்பி உள்ளே இருக்கிற ரப்பரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாகி, வாயின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். இத்தனை மலிவான பாகத்தால் இத்தனை பெரிய செலவு வருவதை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

பல ரேஸ்களில் கிளைகாலுக்கு அனுமதியே கிடையாது. காரணம் கூலிங் இல்லை. ஹோஸ் வெடித்து டிராக்கில் கொட்டினால் கிளைகால் எண்ணெய் மாதிரி வழுக்கும், சீக்கிரம் காயாது, பின்னால் வருகிறவர் உயிர் போகும். ஆகவே நடத்துகிறவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் தடுக்கவில்லை என்றால், உறைபனி இல்லாத நம் ஊருக்குக் கூலன்ட் மூன்றில் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு என்பது என் கலவை. அதற்குக் கீழே போனால் துருத்தடுப்பு மருந்து போதாது. தடை என்றால் தண்ணீரோடு துருத்தடுப்பு ஊற்றி ஓட்டிவிட்டு, ஊர் வந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது என்று விற்கிற சின்ன பாட்டில்கள் வெறும் தண்ணீரில் ஓரளவு பலன் தருகின்றன, கிளைகால் கலவையில் நான் அளந்தவரை வித்தியாசம் கணக்கில் சேராத அளவுதான். தண்ணீரே இல்லாத கூலன்ட் என்று ஒன்று வருகிறது, 190 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது சூட்டைச் சுமக்கும் திறன் குறைவு, உலோகம் முன்பைவிடச் சூடாகவே ஓடும். கொதிக்கவில்லை என்பதும் குளிர்ந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

எந்தத் தண்ணீர் என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசிக்கு ஈடு கிடையாது, ஆனால் அது நமக்கு, ரேடியேட்டருக்கு இல்லை. எந்த ஊற்றுத் தண்ணீரிலும் உப்பும் சுண்ணாம்பும் இருக்கும். போர் தண்ணீர் என்றால் சொல்லவே வேண்டாம், வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ஹெட்டின் சூடான சுவரிலும் படியும். குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். நம் ஊர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் என் பட்டறைக்கு வண்டி விடுவார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உண்டான நிலையம் அது, 1953 முதல் அங்கே அரிமானத்தை ஆராய்கிறார்கள். அவர்தான் என் பட்டறைத் தரையில் சாக்பீஸால் படம் வரைந்து விளக்கினார். அலுமினியம், இரும்பு, செம்பு எல்லாம் ஒரே தண்ணீரில் நனைந்தால் அது ஒரு பேட்டரி, தண்ணீரில் உப்பு கூடக்கூட அந்த பேட்டரி பலமாகும், முதலில் கரைவது அலுமினியம். உங்கள் கேமனில் இன்ஜினும் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள், பேட்டரிக் கடையில் கிடைக்கும். கூலன்ட்டின் நிறத்தைப் பார்த்துக் கலக்காதீர்கள், பச்சை சிவப்பு என்பதற்குப் பொது விதி கிடையாது. டப்பாவில் எழுதியிருக்கும் தரத்தைப் பாருங்கள்.

ஊற்றுவது ஒரு வேலை என்றால் காற்றை வெளியேற்றுவது இரண்டு வேலை. நடு இன்ஜின் வண்டியில் கூலன்ட் முன்பக்கத்திலிருந்து வண்டியின் அடியில் நீளக் குழாயில் ஓடிப் பின்னால் வருகிறது. எங்காவது ஒரு காற்றுக்குமிழ் தங்கிவிட்டால் சுழலும் ஓட்டத்தில் ஹெட்டுக்குள் போய் நிற்கும். டப்பாவின் வாய் வழியாக ஊற்றி, டப்பாவைத் தட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது இந்த வண்டிக்குப் போதாது. முழுக்கக் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிவிட்டு அந்த வெற்றிடத்துக்குக் கூலன்ட்டை இழுக்கவிடுகிற கருவி இருக்கிறது, அது இருக்கிற பட்டறையில் செய்யுங்கள். அதிலேயே ஒரு கூடுதல் லாபம் உண்டு. வெற்றிடம் ஐந்து நிமிடம் நிற்காமல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று ஊற்றும் முன்பே தெரிந்துவிடும்.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏசியைப் போட்டுவிட்டு முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் காது வைத்துக் கேளுங்கள், இரண்டு ஃபேனும் மெதுவான வேகத்தில் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்திருக்கும், இந்த வயது வண்டிகளில் சகஜம். டிராக்கில் வேகமாகப் போகும்போது ஃபேன் வேண்டியதில்லை, பிட்டுக்கு, அதாவது டிராக் ஓரத்தில் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு, திரும்பி நிற்கும்போதுதான் உயிர் அதில் இருக்கிறது. பின்பக்கக் கூலன்ட் டப்பாவின் பிளாஸ்டிக் வயதானால் வெடிப்பு விடும், டிக்கித் தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வாட்டர் பம்ப் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லை என்றால் டிராக்குக்கு முன்னால் மாற்றுங்கள். உள்ளே சுழல்கிற விசிறி பிளாஸ்டிக்கா உலோகமா என்பதில் இன்றுவரை சண்டை உண்டு. பிளாஸ்டிக் நொறுங்கினால் துண்டுகள் கூலன்ட் வழிகளில் அடைக்கும், உலோக விசிறி பேரிங் தளர்ந்தால் இன்ஜின் சுவரையே உரசிவிடும். நான் பிளாஸ்டிக்கைப் போட்டு, காலம் தவறாமல் மாற்றுகிற பக்கம். ஹோஸ்களை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது அழுத்திப் பாருங்கள். கிளாம்ப் பக்கத்தில் உப்பியிருந்தாலோ அழுத்தும்போது உள்ளே நறநறவென்றாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

ஆயிலை யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. உங்கள் இன்ஜினில் ஆயிலுக்குத் தனியாகக் காற்றில் குளிரும் கூலர் கிடையாது. இன்ஜின் மேலேயே ஒரு சின்னப் பரிமாற்றி இருக்கிறது, ஆயிலின் சூட்டைக் கூலன்ட்டுக்கு மாற்றிவிடும். அதாவது ஆயிலின் சுமையையும் அந்த இரண்டு ரேடியேட்டர்தான் தூக்குகின்றன, கூலன்ட் ஏறினால் ஆயிலும் ஏறும். ஆயில் 130-ஐத் தாண்டி நிற்க ஆரம்பித்தால் அது மெலிந்து பேரிங்கைக் காப்பாற்றாது. கூலன்ட் எண் நன்றாக இருந்து ஆயில் மட்டும் ஏறுகிறது என்றால் தனி ஆயில் கூலர், தெர்மோஸ்டாட் வைத்த இணைப்புத் தட்டோடு, நியாயமான செலவு. முதல் நாளுக்கு முன் அதைச் செய்ய வேண்டாம். புது ஆயில் ஊற்றிக்கொண்டு போய் அளந்து வாருங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி, பெரிய ரேடியேட்டர். மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும் பதிவில் 110-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது என்றால் ஆமாம், வேண்டும். அப்போதும் தடிமனைக் கூட்டாதீர்கள், முகப்பரப்பைக் கூட்டுங்கள். தடிமன் கூடினால் பின்வரிசைத் தகடுகளுக்கு வருவது முன்வரிசை ஏற்கனவே சூடாக்கிவிட்ட காற்று, தடையும் கூடும். உங்கள் வண்டிக்கு வழி கம்பெனியே போட்டுவைத்திருக்கிறது. இதே வரிசையில் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளுக்கு பம்பரின் நடு வாயில் மூன்றாவது ரேடியேட்டர் ஒன்று வைத்தார்கள். அந்தப் பாகங்களை உங்கள் மேனுவல் வண்டியிலும் மாட்டலாம், வெட்ட வேண்டியதில்லை. செம்பு ரேடியேட்டர் நல்லது என்று பழைய ஆட்கள் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு, செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். ஆனால் செம்பில் குழாயும் தகடும் ஈயப் பற்றுவைப்பால் சேர்கின்றன, அது மோசமான கடத்தி. அலுமினியத்தில் அகலமான குழாய்களை உலையில் வைத்து ஒன்றாக்கிவிடுகிறார்கள். கடைசிக் கணக்கில் அதே எடைக்கு அலுமினியம் ஜெயிக்கிறது.

அன்றைய நாளுக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.717 கிலோமீட்டர், 12 திருப்பம். ஏசியை அணைத்துவிடுங்கள், கன்டென்சர் கக்குகிற சூடு நேராக ரேடியேட்டர் முகத்தில்தான் அடிக்கும். ஒரு சுற்று மெதுவாக, மூன்று சுற்று வேகமாக, அப்புறம் ஒரு சுற்று ஆறவிட்டு எண்ணைப் பாருங்கள். முன்னால் போகிறவரின் பின்னாலேயே ஒட்டிப் போனால் உங்கள் ரேடியேட்டருக்குக் கிடைப்பது அவர் கலைத்துவிட்ட காற்று, சூடு ஏறும். நேர்ப்பாதையில் அரை வண்டி அகலம் விலகி ஓட்டினாலே இரண்டு மூன்று டிகிரி இறங்குவதை நான் பதிவில் பார்த்திருக்கிறேன். 108-ஐத் தொட்டால் கியரை ஒன்று கூட்டி, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, வண்டியை ஓட்டிக்கொண்டே ஆற விடுங்கள். காற்று ஓடுகிறவரைதான் ஆறும், பதறி ஓரத்தில் நிறுத்தினால் இன்னும் ஏறும். அப்போதும் இறங்கவில்லை என்றால் ஹீட்டரை முழுக்கத் திறந்து உள்விசிறியை வேகமாக வையுங்கள். வெயிலில் அவஸ்தைதான், ஆனால் அது இன்னொரு சின்ன ரேடியேட்டர். 115 என்றால் உள்ளே வந்துவிடுங்கள், கட்டிய பணத்தை நினைக்காதீர்கள்.

பிட்டில் நின்றதும் சாவியைத் திருப்பி அணைக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விட்டு ஃபேன் ஓடட்டும். உடனே அணைத்தால் பம்ப் நின்றுவிடும், ஹெட்டின் சூடு அங்கேயே தேங்கிய தண்ணீரைக் கொதிக்க வைக்கும். கூலன்ட் மூடியை எக்காரணம் கொண்டும் சூட்டில் திறக்காதீர்கள். அழுத்தத்தில் 110 டிகிரியில் இருப்பது, திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். என் முதல் வருடத்தில் பட்டறைப் பையன் ஒருவனுக்கு முழங்கை வரை வெந்துபோனது, அந்தத் தழும்பு இன்னும் அவன் கையில் இருக்கிறது. மறுநாள் காலை வண்டி முழுக்கக் குளிர்ந்த பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கே போனது என்று தெரியாமல் மேலே ஊற்றி நிரப்பாதீர்கள்.

நான் வண்டியைக் கண்ணால் பார்க்கவில்லை, முந்தைய ஓனர் உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறார் என்பதும் எழுத்தில் தெரியாது. பம்பரைக் கழற்றும் நாள் சொல்லுங்கள், செக்காலை ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறேன், வந்து பார்க்கிறேன். அதுவரை கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற குப்பையைக் கழுவிவிடாமல் அப்படியே வையுங்கள். செம்மண் எங்கே கோடு போட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.